மூணு வயசுப் பிள்ளையை எங்கே விடுவது?

"பாப்பாவுக்கு மூணு முடிஞ்சிருச்சு தம்பி. பால்வாடியில போடவா, இல்ல ராஜபாளையத்துக்கு வேன்ல ஏத்தி விடவா?"

செட்டியார்பட்டியில் பதினோரு மணி டீ வருகிற நேரத்தில் மதினி கேட்ட கேள்வி இது. பாதி தைத்த நைட்டியை மிஷினிலேயே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். தளவாய்புரம், முகவூர், செட்டியார்பட்டி வட்டாரத்தில் தையல் மிஷின் ஓடுகிற வீடுகளில் எல்லாம் ஜூன் மாதம் நெருங்கும்போது இதே பேச்சுதான். அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பால்வாடியில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். "சோறு போட்டுத் தூங்க வைக்கிற இடம்னு சொல்றாக" என்றார் மதினி. சோறு போடுவது உண்மை, அது சின்ன விஷயமும் இல்லை. நம் மாவட்டத்து விருதுநகரில் பிறந்த காமராஜர் 1956-இல் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு போட ஆரம்பித்தார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோதுதான் பள்ளிக்கூட வயசு வராத குழந்தைகளும் ஊர் ஊராகப் பந்தியில் உட்கார்ந்தார்கள். மத்திய அரசின் குழந்தை வளர்ச்சித் திட்டம் அதற்கும் முன்பே, 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. அதில் அங்கன்வாடிக்கு, அதாவது நம் பால்வாடிக்கு, ஒப்படைத்த வேலை ஆறு: சத்துணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை, தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, தாய்மாருக்குச் சத்துணவு பற்றிச் சொல்லிக் கொடுப்பது, பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வி. ஆறில் ஒன்றுதான் சாப்பாடு. இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது எடையும் அளவும். மாதாமாதம் எடை பார்த்து ஓர் அட்டையில் எழுதுகிறார்கள், உயரம் பார்க்கிறார்கள். அதோடு ஒரு டேப் வைத்திருப்பார்கள். இஞ்ச் டேப்போடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிற மதினிக்கு அதைப் பற்றிச் சொன்னதும் முகம் மாறியது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தையின் இடது கையை எடுத்து, தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். கையைத் தளரத் தொங்கவிட்டு, அந்தப் புள்ளியில் டேப்பைச் சுற்ற வேண்டும். சதை பிதுங்க இறுக்கவும் கூடாது, இடைவெளி விழ விடவும் கூடாது. 12.5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பச்சை, 11.5-க்கும் 12.5-க்கும் நடுவில் மஞ்சள், 11.5-க்குக் கீழே போனால் சிவப்பு. ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். சிவப்பு என்றால் அந்தக் குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமே உயிருக்கு ஆபத்தாக முடியலாம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்று அர்த்தம். 2022 மே மாதம் ஊட்டியில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளைக் கண்டுபிடித்துத் தனிக் கவனிப்பு கொடுத்ததற்கும் இப்படி எடுத்த அளவுகள்தான் அடிப்படை.

பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளையும் எடை கூடாமல் நிற்கலாம். இரண்டு மூன்று மாதம் எடைக்கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்டால் டீச்சர் கேட்டாக வேண்டும். டீச்சர் கேட்காவிட்டால் தாய் கேட்டாக வேண்டும். "அந்த அட்டைய நான் பிரிச்சே பாத்ததில்லையே" என்றார் மதினி. பிரித்துப் பார்க்கச் சொன்னேன். தையல் அளவு படிக்கத் தெரிந்தவருக்கு அந்தக் கோடு ஒரு கஷ்டமும் இல்லை.

அடுத்தது, பிள்ளை என்னென்ன செய்கிறது என்று கவனிப்பது. ஒன்றரை வயதாகியும் தானாக நடக்கவில்லை, இரண்டு வயதாகியும் 'அம்மா வா', 'பால் தா' என்று இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் காட்டிவிட வேண்டும். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று நம் பக்கத்தில் ஆறுதல் சொல்வார்கள். சில சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் காது கேளாமை அந்த ஆறுதலுக்குள்தான் ஒளிந்துகொள்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை செய்கிறார்கள். ஆனால் வயது ஏற ஏறப் பேச்சு வருவதற்கான வாய்ப்பு சுருங்கிக்கொண்டே போகும். மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கும் மேல் ஆறு வயதுக்கு முன்பே நடந்துவிடுகிறது என்று 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையே எழுதியிருக்கிறது. அந்தக் கொள்கையில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் நிறைய உண்டு. இந்த வரியில் இல்லை.

இதற்காகவே 2013-இல் ஆர்.பி.எஸ்.கே. என்ற திட்டம் வந்தது. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவையும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தடவையும் வர வேண்டும். பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சியில் தாமதம் ஆகிய நாலையும் பார்ப்பார்கள். இதயத்தில் ஓட்டை, உதட்டுப் பிளவு, வளைபாதம், கண்பார்வைக் கோளாறு எல்லாம் இதில் அடக்கம். சந்தேகம் இருந்தால் மாவட்ட அளவில் இருக்கிற ஆரம்பநிலைச் சிகிச்சை மையத்துக்குச் சீட்டு எழுதி அனுப்புவார்கள். செட்டியார்பட்டியிலிருந்து விருதுநகருக்குப் பஸ் ஏறினால் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும், அதனால்தான் பாதிப் பேர் சீட்டை வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். குழு என்றைக்கு வருகிறது என்று டீச்சரிடம் கேட்டு, அன்றைக்கு மட்டும் மிஷினை நிறுத்திவிட்டுக் கூட நிற்கச் சொன்னேன். சந்தேகம் கேட்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று பால்வாடிக்கு ஒரு பாடத்திட்டமே இருக்கிறது. மணி கோப்பது, கதை கேட்பது, ஒற்றைக் காலில் நிற்பது, நிறம் பிரிப்பது. மூன்று வயதில் பென்சில் பிடிக்க வைப்பதைவிட இது மேல் என்பதுதான் என் கட்சி. எல்.கே.ஜி. என்ற பேர் வேண்டும் என்கிறவர்களுக்காக 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் அதையும் ஆரம்பித்தார்கள். எல்லா மையத்திலும் டீச்சர் ஒரே மாதிரி இல்லை என்பதும் உண்மை. போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி வேன்.

மதினி வேனைக் கேட்டது இங்கிலீஷுக்காக மட்டும் இல்லை. வேனில் போனால் பிள்ளை பத்திரமாக ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் என்ற நம்பிக்கை அது. அந்த நம்பிக்கையைக் குலைக்க எனக்கு ஆசை இல்லை, ஆனால் நடந்ததைச் சொல்லாமல் விடவும் முடியாது. 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் சத்துணவுச் சமையலறையில் பிடித்த தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். பள்ளிகளில் கீற்றுக் கூரை போனது அதற்குப் பிறகுதான். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். அந்த வருஷமே பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தது அதன் பின்னால்தான். 2022 மார்ச்சில் சென்னை ஆழ்வார்திருநகரில் வேன் பின்னால் எடுத்தபோது ஒரு சிறுவன் போனான். அப்புறம்தான் முன்னும் பின்னும் கேமராவும் பின்பக்கம் சென்சாரும் கட்டாயமாயின. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் மூன்று வயதுச் சிறுமி பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்தாள். அதே வருஷம் ஜூலையில் கடலூர் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பேர் போனார்கள். விதி ஒவ்வொன்றும் பிள்ளை போன பிறகுதான் வந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இத்தனையிலும் பொதுவாக ஒன்றைப் பார்க்கிறேன். ஓட்டை முதல் நாளே இருந்தது, தொட்டி மூடி முன்பே பழுதாகி இருந்தது, சுவர் நின்றிருந்தபோதே பலவீனமாக இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்து இதைச் சரிபண்ணு என்று சொல்ல ஒரு பெரியவர் இல்லை. கைச்சுற்றளவை அளந்து எழுதுகிற வேலையும் தொட்டி மூடியைக் காலால் அழுத்திப் பார்க்கிற வேலையும் எனக்கு ஒரே வேலையாகத்தான் தெரிகின்றன.

அதனால் எந்தப் பள்ளியானாலும் சேர்க்கிற அன்றைக்குக் கழிப்பறைப் பக்கம் போய்ப் பாருங்கள் என்றேன். தொட்டி எங்கே, மூடி சிமெண்டா தகரமா, தண்ணீர்த் தொட்டி திறந்து கிடக்கிறதா, மாடிப்படிக்குக் கைப்பிடி இருக்கிறதா. வேன் என்றால் டிரைவர் போக ஓர் உதவியாளர் இருக்கிறாரா, குழந்தை இறங்கி வண்டியைத் தாண்டும் வரை அவர் கீழே நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும். வருஷா வருஷம் பள்ளி திறப்பதற்கு முன் போக்குவரத்து அலுவலகம் பள்ளி வாகனங்களைச் சோதிக்கிறது, தகுதிச் சான்றைக் கேட்பதில் தப்பே இல்லை. மூன்று வயதுப் பிள்ளையைத் தினமும் ராஜபாளையம் வரை கொண்டுபோய்த் திருப்புவதைவிட நடக்கிற தூரத்தில் இருக்கிற பால்வாடி மேல் என்பதே என் முடிவு. கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள்கூட ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன.

இன்னொன்றைக் கொஞ்சம் குரல் தாழ்த்தித்தான் சொன்னேன். பிள்ளை திடீரென்று ஒருவரைக் கண்டு மிரண்டாலோ, போக மாட்டேன் என்று அழுதாலோ அதட்ட வேண்டாம், மடியில் வைத்துக் கேளுங்கள். 2012-இன் போக்சோ சட்டப்படி, குழந்தைக்குத் தப்பு நடந்தது தெரிந்தும் சொல்லாமல் மறைப்பதே குற்றம். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் தண்டனை இன்னும் கூடும். 1098-க்கு யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். பள்ளிக்கூட விஷயத்துக்கு 14417 இருக்கிறது. ஊர் என்ன பேசும் என்று பயந்து அமுக்குவதில் பிள்ளைக்கு ஒரு நன்மையும் இல்லை.

கிளாஸைக் கீழே வைத்த மதினி கடைசியாக ஒன்று கேட்டார். "எல்லாம் சரி தம்பி. பால்வாடி மத்தியானத்துக்கு மேல விட்ருது. எனக்கு மிஷின விட்டு எந்திரிக்க ராத்திரியாயிருது. நடுவுல யாரு பாக்கது?"

இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் முப்பது பெண்களுக்கு மேல் வேலை பார்த்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 2017-இன் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் ஐம்பது பேர் என்றது. பத்து மிஷின் யூனிட்டும் வீட்டுத் திண்ணையும் அந்தக் கணக்குக்குள் வரவே வராது. ஊசியும் கத்தரியும் கிடக்கிற தரையில்தான் பிள்ளைகள் சாயங்காலம் தவழ்கின்றன. அங்கன்வாடியையே காப்பகமாகவும் நடத்த 'பால்னா' என்ற மத்தியத் திட்டம் இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை, நாளுக்கு ஏழரை மணி நேரம், மாதம் 26 நாள். தைக்கிற பெண்கள் இவ்வளவு பேர் இருக்கிற ஊருக்கு அது கிடைக்காமல் வேறு எந்த ஊருக்குக் கிடைக்க வேண்டும்? பேரூராட்சியில் கேட்கலாம், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். மனுவை நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எந்தத் தெருவில் ஆறு வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கை மதினி எடுத்துத் தருவதாக ஏற்பாடு.