பின்னால் இருப்பவரைக் கேட்டீர்களா?



இம்முறை உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் கதை. மௌலவிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம், அதைப் பெண்களுக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று நீங்கள் சிரிக்கலாம். உங்கள் வீட்டு முற்றத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அங்கே ஒரு பைக் நிற்கிறதல்லவா? அதை வாங்குவதும் விற்பதும் ஆண்களின் விஷயம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அதன் பின் இருக்கையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகிறவர் யார்? அதன் தவணைக்காகச் சமையலறைச் செலவைச் சுருக்குகிறவர் யார்? ஆகவே இது உங்கள் விஷயமும்தான்.

இருபத்து நான்கு வருடத் தோழன்

அரபுக் கல்லூரிப் படிப்பை முடித்து மத்ரஸாவில் சேர்ந்த புதிதில், 2001ஆம் ஆண்டு, ஜப்பானில் பாவித்து இங்கே இறக்கப்பட்ட ஹொண்டா சீடி 125 ஒன்றை வாங்கினேன். இரட்டைச் சிலிண்டர் எஞ்சின், நான்கு கியர். அந்த வரிசைக்குப் ‘பென்லி’ என்று பெயர். ஜப்பானிய மொழியில் ‘பென்ரி’ என்றால் வசதி, சௌகரியம் என்று அர்த்தமாம். எனக்கு அது பெயருக்கேற்றபடியே இருந்தது.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நகரத்தில் இருந்து கிண்ணியாவுக்குப் போக அன்று பாலம் இல்லை. ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் மனிதர், சைக்கிள், மூட்டை எல்லாம் ஒன்றாக ஏறித்தான் அக்கரை சேர வேண்டும். என் மனைவியின் ஊர் கிண்ணியா. மணமுடித்த நாட்களில் அந்தத் துறையில் எத்தனை மஃக்ரிப் நேரங்கள் காத்து நின்றோம்! 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. முதல் தடவை அதில் போனபோது, நடுப்பாலத்தில் நிறுத்தச் சொல்லி மனைவி கீழே இறங்கி நின்று கடலைப் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

2004 டிசம்பர் 26இல் சுனாமி கிண்ணியாவையும் மூதூரையும் அடித்த பிறகு, சோற்றுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலும் சுமந்தது அந்த பைக்தான். 2006 ஓகஸ்டில் யுத்தத்தால் மூதூர் மக்கள் ஊரை விட்டுக் கந்தளாய்க்கு வந்து சேர்ந்தபோது, பாண் மூட்டைகளோடு அங்கே ஓடியதும் அதுதான். ஹபரணை வழியாகக் கண்டிக்கும், ஹொரவப்பொத்தானை வழியாக அனுராதபுரத்துக்கும், அப்பால் புத்தளத்துக்கும் என்னைக் கொண்டுபோனது. கிலோமீற்றர் காட்டும் இலக்கங்கள் ஓர் இலட்சத்தைத் தாண்டிப் பூச்சியத்துக்குத் திரும்பி, மீண்டும் ஏறத் தொடங்கியிருந்தன.

இப்படிப்பட்ட ஒன்றை ‘இரும்புதானே’ என்று சொல்ல மனம் வருமா? எனக்கு வரவில்லை.

உப்புக்காற்றின் வேலை

ஆனால் துறைமுகக் காற்று யாருடைய பாசத்தையும் பார்ப்பதில்லை. கடற்காற்றில் கலந்து வரும் உப்பு இரும்பின் மேல் படிகிறது. அந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் துரு இரவு பகலாக வேலை செய்கிறது. முதலில் சில்லுக் கம்பிகள், பிறகு சைலன்சர், பிறகு பெற்றோல் தாங்கியின் உட்புறம், கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் சட்டத்தின் மூட்டுகள்.

நாங்கள் வழமையாகப் போகும் கராஜ் பாஸ் ஒருநாள் வெளிப்படையாகச் சொன்னார்: “மௌலவி சேர், எஞ்சினுக்கு ஒண்டுமில்லை. உடம்புதான் போயிட்டுது.”

நான் கேட்டும் கேளாதவன் போல் வந்துவிட்டேன். எனக்கு ஒரு நல்ல சாட்டும் இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதல்லவா? அதன்பின் சந்தையில் விலை ஏறியபடியே போனது. 2022இல் பெற்றோல் வரிசை வந்தது. கியூஆர் முறையில் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் என்று கொடுத்த காலத்தை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவைத்த எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் வரிசையாய் நிற்க, அதே மாவட்டத்தில் நாங்கள் வெறும் வண்டியை உருட்டிக்கொண்டு நின்றோம். ‘இந்த நேரத்தில் பைக் மாற்றுவதா? இருப்பதைக் கொண்டு திருப்தியடைய வேண்டும்’ என்று வீட்டாருக்கு உபதேசம் செய்தேன்.

சகோதரிகளே, அது போதுமென்ற மனம்தானா? அல்லது என் ஆசைக்கு நான் போர்த்திய போர்வையா? அதற்கான பதில் ஒரு மாலையில் கிடைத்தது.

அந்த அஸர் நேரம்

எங்கள் பைக்கின் செயினை மூடியிருக்கும் தகட்டு உறை துருப்பிடித்து உடைந்து, இரண்டு வருடங்களுக்கு முன்பே நானே அதைக் கழற்றி வைத்திருந்தேன். ‘புதிது தேடிப் போட வேண்டும்’ என்று சொல்லிச் சொல்லியே நாட்கள் போயின.

2024ஆம் ஆண்டு ஒருநாள், அஸருக்குப் பிறகு, மாமியின் கிளினிக் மருந்துகளோடு கிண்ணியாவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பாலத்துக்குச் சற்று முன்னால் மாடுகள் வீதியைக் கடந்தன, வேகத்தைக் குறைத்தேன். அந்நேரம் மனைவியின் அபாயாவின் ஓரத்தைச் செயின் பிடித்து இழுத்தது. அவர் ஒருபக்கம் சாய்ந்து விழுந்தார். வண்டி மெதுவாக ஊர்ந்ததால், அல்ஹம்துலில்லாஹ், துணி கிழிந்து கணுக்காலில் தோல் உரிந்ததோடு போயிற்று. வேகமாகப் போயிருந்தால்? மடியில் எங்கள் சின்ன மகள் இருந்திருந்தால்? அதற்கு மேல் நினைக்க என்னால் முடியவில்லை.

குற்றம் வண்டியுடையதல்ல. கழற்றிய உறையைத் திரும்பப் போடாத என்னுடையது. மனைவி ஒரு வார்த்தையும் ஏசவில்லை. அந்த மௌனம் ஏச்சைவிடக் கனமாக இருந்தது.

கணக்குப் போட்டோம்

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தபோது, மூத்த மகன் ஆசைப்பட்டான். “வாப்பா, நெடுந்தூரப் பயணத்துக்கென்றே பெரிய பைக்குகள் வருகின்றன. உங்கட பயணங்களுக்கு அதுதான் சரி” என்றான். எனக்கும் உள்ளூர ஆசைதான். ஓர் இரவு இஷாவுக்குப் பிறகு எல்லோரும் பாயில் அமர்ந்து மஷூரா செய்தோம்.

முதலில் பெற்றோல் கணக்கு. எங்கள் ஓட்டம் மாதம் 600 கிலோமீற்றர். பழையது லீற்றருக்கு 35 கிலோமீற்றர் ஓடுகிறது, புதியது 50 ஓடும் என்று வைத்துக்கொண்டோம். மாதம் ஐந்து லீற்றர் மிச்சம். லீற்றர் 300 ரூபா என்றால் 1,500 ரூபா, வருடத்துக்கு 18,000. புதிய பைக்குக்கு ஐந்து இலட்சம் கொடுத்தால், அந்த மிச்சத்தால் அதை மீட்க ஏறத்தாழ 28 வருடங்கள் வேண்டும். ஆகவே ‘பெற்றோல் மிச்சம்’ என்ற வாதம் விழுந்தது.

அடுத்தது லீசிங். ஐந்து இலட்சத்துக்கு ஆண்டுக்கு 15 வீதம் என்று மூன்று வருடத்துக்குப் பேசினால், கேட்கும்போது சிறிதாகத் தெரியும். ஆனால் ‘பிளட் ரேட்’ என்று சொல்லும் முறையில், கடன் குறைந்துகொண்டு வந்தாலும் வட்டி முதல் தொகைக்கே போடப்படும். மூன்று வருடத்தில் 2,25,000 ரூபா மேலதிகம். அது வட்டி என்பதால் நமக்கு ஹராம் என்பது ஒருபுறம்; ஹலால் ஹராம் பார்க்காதவருக்கும் அது பாரம்தான். முராபஹா முறையில் பொருளை நிறுவனம் தானே வாங்கி, இலாபத்தைச் சொல்லி, மாறாத விலைக்கு நமக்கு விற்கும். 2011 முதல் இயங்கும் அமானா வங்கி போன்ற இடங்கள் நம் நாட்டில் உண்டு. ஆனாலும் கடன் கடன்தான். மாதாந்தம் அதைக் கட்ட வேண்டியவர்கள் வீட்டிலுள்ள அனைவருமே.

மனைவியின் கேள்வி

இவ்வளவு நேரமும் மகனும் நானும்தான் பேசினோம். அப்போதுதான் மனைவியிடம், “நீங்க ஒண்டும் சொல்லலியே” என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“இஞ்ச பாருங்க, புது பைக் எடுத்தாலும் நான் பின்னுக்குத்தானே இருக்கப் போறன்? நீங்க மத்ரஸாவில இருக்கிற நேரம் உம்மாக்கு நெஞ்சு நோவு வந்தா, அந்தப் புது பைக் எனக்கு என்னத்துக்கு?”

நாங்கள் இருவரும் வாயடைத்துப் போனோம். இருபத்து நான்கு வருடங்களாக ‘எனக்கு எந்த வண்டி பொருத்தம்’ என்றே யோசித்திருக்கிறேன். ‘இந்த வீட்டுக்கு இன்று என்ன தேவை’ என்று ஒருநாளும் கேட்கவில்லை. கண்டிக்கும் புத்தளத்துக்கும் இப்போது நான் பஸ்ஸில்தான் போகிறேன். என் முதுகு பைக் பயணத்தைத் தாங்குவதில்லை. பெரிய பைக் எனக்கு வேண்டியிருந்தது, போய் முடிந்த பயணங்களுக்காக! வரப்போகும் பயணங்களோ நகரத்துக்கும் கிண்ணியாவுக்கும் இடையே, மருந்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும்.

மனைவியின் சீட்டுப் பணமும் என் சிறுசேமிப்பும் சேர்த்து, 2018ஆம் ஆண்டு பதிவான ஸ்கூட்டி ஒன்றை ஓர் ஆசிரியையிடம் வாங்கினோம். ஸ்கூட்டியில் வெளியே செயின் கிடையாது. பெல்ட் மூடிய பெட்டிக்குள் ஓடுகிறது. கால் வைக்க முன்னால் தட்டு உண்டு. மனைவி வைத்தியச் சான்றிதழ் எடுத்து, எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் தேறி, முறையாகச் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றார். அதுவரை தனியே வீதிக்கு எடுக்கவில்லை.

அள்பாவின் பாடம்

பழைய பைக்கைக் கைவிட மனம் சஞ்சலப்பட்டபோது, மாணவர்களுக்கு நான் பலமுறை பாடம் நடத்திய ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்களிடம் அள்பா என்ற ஒட்டகம் இருந்தது. அதை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமத்து அரபி ஒருவர் தன் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு அது பெரும் மனவருத்தம். இவ்வுலகில் உயர்ந்து நிற்கும் எதையும் தாழ்த்தாமல் விடுவதில்லை என்பது அல்லாஹ்வின் நியதி என்ற கருத்தை அன்று நபியவர்கள் அவர்களுக்கு உணர்த்தினார்கள். எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்த ஹதீஸ். என் வீட்டு முற்றத்தில் நின்ற பைக்கைப் பார்த்துத்தான் அதை நான் படித்தேன்.

விற்பதிலும் ஒரு சோதனை வந்தது. சட்டத்துக்குப் பெயின்ற் அடித்தால் துரு தெரியாது, நல்ல விலை போகும் என்று ஒருவர் யோசனை சொன்னார். சந்தையில் ஈரத் தானியத்தை அடியில் மறைத்து, மேலே காய்ந்ததைப் பரப்பியிருந்த வியாபாரியை நபியவர்கள் கண்டித்ததை அறிந்த எவருக்கும் அது எப்படி ஆகும்? பழைய பைக்குகளைப் பிரித்துத் திருத்தும் கந்தளாய்ச் சகோதரர் ஒருவர் வந்தார். துருப்பிடித்த மூட்டுகளையும் இல்லாத செயின் உறையையும் கைவைத்துக் காட்டினேன். விலை குறைந்தது, மனம் லேசானது.

உங்களுக்குச் சில வார்த்தைகள்

சகோதரிகளே, உங்கள் வீட்டு பைக்கை மாற்றத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் பராமரித்தால் பழையதே போதும். தேவையின்றி மாற்றுவது வீண்விரயம். ஆனால் ஏறுமுன் நீங்களே நான்கு இடங்களைப் பாருங்கள். செயின் உறையும் சாரி கார்டும் இருக்கின்றனவா? நீங்கள் கால் வைக்கும் மிதி துருப்பிடித்து ஆடுகிறதா? டயரின் பள்ளங்கள் தேய்ந்து வழுக்கையாகிவிட்டனவா? பிரேக் பிடித்ததும் வண்டி நேரே நிற்கிறதா? சைலன்சரில் இருந்து நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம், அதையும் சொல்லுங்கள். அபாயாவின் ஓரத்தை ஒதுக்கி மடித்துக்கொண்டு அமருங்கள். ஹெல்மட் இல்லாமல் பக்கத்துத் தெருவுக்கும் போகாதீர்கள்.

வண்டி வாங்கும் பேச்சு வீட்டில் வந்தால் அடுப்படியில் நின்றுவிடாதீர்கள். பாயில் வந்து அமர்ந்து உங்கள் தேவையைச் சொல்லுங்கள். கணவன்மாரே, மகன்மாரே, இந்தப் பக்கத்தை நீங்களும் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். முடிவெடுக்கும் முன் பின்னால் இருப்பவரைக் கேளுங்கள்.

சென்ற வாரம் மாமியைப் பார்க்கக் கிண்ணியாவுக்குப் போனோம். மனைவி ஓட்டினார், நான் பின்னால் அமர்ந்தேன். வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவை இருவரும் சேர்ந்து ஓதினோம். பாலத்தின் நடுவில் வண்டியை ஓரங்கட்டி, “இறங்கிப் பார்க்கப் போறீங்களா?” என்று கேட்டார். இறங்கி நின்று கடலைப் பார்த்தேன்.

நம் பயணங்கள் அனைத்தையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானவையாகவும் பறக்கத் நிறைந்தவையாகவும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.