முயல்களில் பல், மூக்கு நோய்களும் தீவனப் புல்லும்

செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் முயல் வளர்ப்பை உபதொழிலாக மேற்கொண்டுள்ள சிறு விவசாயிகள் உள்ளனர். சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயன்ட், நியூசிலாந்து வெள்ளை ஆகிய இனங்களை இவர்கள் இறைச்சிக்கென்றே வளர்க்கின்றனர். ஆயினும் பால்குடி மறந்த குட்டிகளில் ஒரு பகுதி சென்னைக்குச் செல்லப்பிராணியாகப் போகிறது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற பகுதிகளில் அடுக்குமாடி வீட்டுப் பால்கனிகளிலும் மொட்டைமாடிகளிலும் பிள்ளைகளுக்காக முயல் வாங்கி வளர்ப்பவர்கள் உண்டு. குட்டிக்குக் கிடைக்கும் விலை, எடைக்கணக்கில் கிடைப்பதைவிட மேலாக இருப்பதால் விவசாயிக்கும் இது ஆதாயமே.

இந்த ஆதாயத்தைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று பல், மற்றொன்று மூக்கு. இவை தனித்தனி நோய்கள் போலத் தோன்றினாலும் பலவேளைகளில் ஒன்றே என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்ற ஆண்டு திருப்போரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் ஓர் அட்டைப்பெட்டியுடன் வந்தார். பெட்டிக்குள் அடையாற்று வீடொன்றிலிருந்து திரும்பி வந்த, ஏழு மாத வயதுடைய ஆண் முயல் இருந்தது. இடது கண்ணிலிருந்து பால்போன்ற நீர் வடிந்து கன்னத்து முடி உதிர்ந்திருந்தது. மூக்கும் ஈரமாகவே இருந்தது. “சளின்னு சொல்லி ரெண்டு மாசமா மருந்து குடுத்திருக்காங்க சார். இப்ப புல்லைத் தொடவே மாட்டேங்குது. குடுத்த காசைத் திருப்பிக் கேக்கிறாங்க” என்றார். உதட்டை விலக்கிப் பார்த்தோம். கீழ் வெட்டுப்பற்கள் இரண்டும் மூக்கைத் தொடுமளவு வெளியே நீண்டிருந்தன. மேற்பற்கள் ஆட்டுக்கிடாக் கொம்புபோல் உள்நோக்கிச் சுருண்டிருந்தன.

நான் உழவியல் படித்தவன், கால்நடை மருத்துவன் அல்லன். எனவே முயலை வேப்பேரியிலுள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லச் சொன்னேன். எக்ஸ்ரே படத்தில், மேல் வெட்டுப்பற்களின் வேர்ப்பகுதி பின்னோக்கி வளர்ந்து, கண்ணிலிருந்து மூக்குக்கு நீர் செல்லும் நாளத்தை நெருக்கியிருந்தது தெரிந்தது. இரண்டு மாதம் சளி என்று எண்ணியது சளியே அன்று.

பல்லின் அமைப்பு

முயலுக்கு மொத்தம் 28 பற்கள். முன்புறம் மேலே 4, கீழே 2 ஆக 6 வெட்டுப்பற்கள். மேலுள்ள நான்கில் இரண்டு, பெரிய பற்களுக்குப் பின்னால் முளைக்குச்சிகள் போல மறைந்திருக்கும். எலி இனத்துக்கு இவை கிடையா. மீதி 22 கடைவாய்ப் பற்கள். நம் பற்கள் ஒருமுறை வளர்ந்து நின்றுவிடுகின்றன. முயலின் பற்களோ உயிருள்ளவரை வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டுப்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டரும், கடைவாய்ப் பற்கள் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டரும் வளர்கின்றன. வளரும் அளவுக்குத் தேயவும் வேண்டும். தேயாவிடில் பல் மேலே நீளும். மேலே இடமில்லாதபோது வேர்ப்பக்கம் தாடை எலும்புக்குள் தள்ளிக்கொண்டு போகும்.

பல்லைத் தேய்ப்பது எது? மரக்கட்டையும் கடினமான பண்டங்களும் என்று பலர் எண்ணுகின்றனர். வெட்டுப்பற்களுக்கு அவை ஓரளவு உதவலாம். கடைவாய்ப் பற்களைத் தேய்ப்பது புல்தான். நெற்பயிரிலோ கரும்பிலோ வெறுங்கையோடு புகுந்தால் இலை கையைக் கீறுவதை நாம் அறிவோம். புல் குடும்பப் பயிர்களின் இலையிலுள்ள மணற்சத்து, அதாவது மணலில் உள்ள அதே சிலிக்கா, அரம்போல் வேலை செய்கிறது. புல்லை மெல்லும்போது முயலின் தாடை ஆட்டுக்கல் குழவிபோல் பக்கவாட்டில் அசைகிறது. குச்சித் தீவனத்தையோ கேரட்டையோ தின்னும்போது தாடை மேலும் கீழுமாக இடிக்கிறது, அரைப்பதில்லை. ஒரு கைப்பிடி குச்சித் தீவனம் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதே பசிக்குப் புல் போட்டால் மணிக்கணக்கில் மெல்லும்.

நகரத்து வீடுகளில் முயலுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கேரட், முட்டைக்கோஸ், ரொட்டி, பிஸ்கட்டு. கீரை நல்லதுதான், ஆனால் அது மென்மையானது, பல்லுக்கு வேலை தராது. மயிலாப்பூரில் மாட்டுக்கென விற்கும் அகத்திக்கீரையைக் கட்டுக்கட்டாக வாங்கிப் போட்டு, பச்சைத் தீவனம் தாராளமாகத் தருவதாகச் சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். அகத்தி பயறு குடும்பத்தது, சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. அது புல்லுக்கு ஈடாகாது. அதே மாட வீதிகளில் பிள்ளையாருக்கென அறுகம்புல் விற்கிறார்கள். முயலுக்கு வேண்டியது அதுவே.

பண்ணையில் ஏன் தெரிவதில்லை?

பண்ணையில் குட்டி 12 வாரத்தில் சுமார் 2 கிலோ எடை வந்ததும் விற்பனையாகிவிடுகிறது. பல் கோளாறு பெரிதாகத் தெரிய அந்தக் காலம் போதாது. வீட்டுக்குப் போகும் குட்டியோ 8 முதல் 10 ஆண்டுகள் வாழக்கூடியது. நம் கொட்டகையில் விதைத்த குறை வாங்கியவர் வீட்டில் முளைக்கிறது.

தீவனக் குறையை வாங்கியவர்மேல் சொல்லலாம். ஆனால் கீழ்த்தாடை முன்தள்ளி, வெட்டுப்பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் பிறப்பது பரம்பரைக் குறை. இது ஒடுங்கு பண்பாக வருவதால் தாய், தந்தை இரண்டும் நல்ல பற்களுடனேயே இருக்கக்கூடும். நெருங்கிய உறவில் இணை சேர்க்கும்போது குட்டிகளில் வெளிப்படும். திருப்போரூர் விவசாயியிடம் ஈற்றுக் குறிப்பேடு இருந்தது நல்லதாயிற்று. நான்கு ஆண்டுகளாக ஒரே ஆண் முயலை அதன் மகள்களோடும் சேர்த்து வந்திருந்தார். அந்த ஈற்றுக் குட்டிகளில் இன்னும் இரண்டுக்குப் பற்கள் ஒழுங்கற்று இருந்தன. அந்தக் கிடாயையும், குறையுள்ள குட்டிகளை ஈன்ற பெட்டைகளையும் இனவிருத்தியிலிருந்து அவர் விலக்கிவிட்டார்.

விற்குமுன் ஒவ்வொரு குட்டியின் வாயையும் பாருங்கள். ஒரு நிமிடம் போதும். மேல் வெட்டுப்பற்கள் கீழ்ப்பற்களுக்குச் சற்று முன்னால் அமைந்து, கீழ்ப்பற்களின் நுனி பின்னாலுள்ள சிறு பற்களில் படிந்திருக்க வேண்டும். நுனியோடு நுனி முட்டினாலும், கீழ்ப்பல் முன்வந்தாலும் அக்குட்டியைச் செல்லப்பிராணியாக விற்கக் கூடாது. வளர்ந்த முயலானால் கீழ்த்தாடையின் அடிவிளிம்பை விரலால் தடவிப் பார்க்கவும். மேடுமேடாக இருந்தால் கடைவாய்ப் பல்லின் வேர் கீழ்நோக்கி வளர்கிறது என்று பொருள். கூண்டுக் கம்பியைப் பல்லால் பற்றி இழுக்கும் பழக்கமும் வெட்டுப்பற்களைக் கோணலாக்கும்.

மூக்கு

முயல் மூக்கால் மட்டுமே நன்கு மூச்சுவிடக்கூடிய பிராணி. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உயிருக்கே ஆபத்து என்று கொள்ள வேண்டும்.

மூக்கு ஒழுகுவதற்குப் பெரும்பாலும் காரணமாவது பாஸ்சுரெல்லா என்னும் பாக்டீரியா. தும்மல், வெண்மையான சளி, குறட்டை போன்ற ஒலி ஆகியவை அறிகுறிகள். முயல் முன்னங்கால்களால் மூக்கைத் துடைத்துக்கொள்வதால் அக்கால்களின் உட்புற முடி பசைபோட்டதுபோல் ஒட்டியிருக்கும். சந்தையில் வாங்கும்போது முகத்தைத் துடைத்துக் காட்டலாம், முன்னங்காலை யாரும் துடைப்பதில்லை. அங்கே பாருங்கள். இக்கிருமி பல முயல்களின் மூக்கில் நோயின்றியே தங்கியிருக்கும். சிறுநீரின் அம்மோனியா நெடி, கூட்ட நெரிசல், ஈரம், புழுதி இவற்றால் மூக்கின் உட்சவ்வு புண்படும்போது கிளம்பும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் மழையும் ஈரமும் மிகுந்த காலம், அப்போது பூஞ்சணம் பிடித்த உலர்புல்லும் கேடு செய்யும். மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணியும் மூக்கை உறுத்தும். போகியன்று கூண்டை வெளியே வைக்காமலிருப்பது நல்லது. கூண்டருகே நாம் குனிந்தால் கண் எரிகிறதா என்பதே சோதனை. எரிந்தால் தட்டைக் கழுவும் வேலை தள்ளிப்போயிருக்கிறது.

முயலையும் கினிப் பன்றியையும் ஒரே கூண்டில் வைத்து விற்பது தவறு. முயலின் மூக்கில் தங்கும் போர்டெட்டெல்லா என்னும் கிருமி கினிப் பன்றிக்கு நிமோனியாவைத் தரும். கினிப் பன்றிக்கு இன்னொரு தேவையும் உண்டு. வைட்டமின் ‘சி’யை அதன் உடல் ஆக்கிக்கொள்ளாது. கிடைக்காதபோது ஈறு கெட்டுப் பல் ஆடும். கொய்யாத் துண்டோ சிறிது நெல்லிக்காயோ நாள்தோறும் தரலாம்.

மூக்கு நோயைப் பல் நோயிலிருந்து எப்படிப் பிரித்தறிவது? ஒரு பக்கக் கண்ணிலோ மூக்கிலோ மட்டும் விடாமல் நீர் வடிந்தாலும், தாடை நனைந்திருந்தாலும், மெதுவானதைத் தின்று புல்லை ஒதுக்கினாலும், புழுக்கை சிறுத்தாலும் முதலில் பல்லை ஐயுற வேண்டும்.

இதன் முற்றிய நிலையைத் தென் அமெரிக்காவின் சிலி நாட்டைச் சேர்ந்த டேகு என்ற சிறு பிராணியிடம் காணலாம். மேலை நாடுகளில் இதை வீடுகளில் வளர்க்கிறார்கள். கடைவாய்ப் பல்லின் பரப்பு 8 என்ற எண்போல் இருப்பதால் ஆக்டோடான் என்று அறிவியல் பெயர் பெற்றது. முயலைப்போல் இதற்கும் எல்லாப் பற்களும் வாழ்நாள் முழுதும் வளரும். புல் குறைந்து, மேல் கடைவாய்ப் பற்களின் வேர் மூக்குக் குழிக்குள் வளர்ந்து காற்றுப் பாதையையே அடைத்துவிடும். வெளியே தெரிவது மூச்சிரைப்பும் கீச்சென்ற ஒலியுமே. சளி மருந்தால் இது தீராது. வேர் அந்த நிலைக்குப் போனபின் மருத்துவராலும் அதிகம் செய்ய முடிவதில்லை.

சிகிச்சையில் கவனம்

நகவெட்டியாலோ கம்பி வெட்டும் குறட்டாலோ பல்லை நறுக்குவதை விட்டுவிட வேண்டும். பல் நீளவாட்டில் பிளந்து, வேருக்குள் சீழ் பிடிக்கும். மருத்துவர் சிறு சுழல் அரத்தால் தேய்த்துவிடுவார். கடைவாய்ப் பல்லானால் மயக்க மருந்து தேவை. பொருந்தாத வெட்டுப்பற்களை மாதத்துக்கொருமுறையாவது தேய்க்க வேண்டியிருக்கும். அவற்றை அடியோடு எடுத்துவிடுவதும் உண்டு.

மனிதருக்குரிய பென்சிலின், அமாக்சிசிலின் மாத்திரைகளை வாங்கி முயலுக்கு வாய்வழியே கொடுக்கவே கூடாது. குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, கழிச்சல் கண்டு இறக்கும். மூக்கு ஒழுகும் முயல்களில் சில, நோயால் அல்லாமல் இம்மருந்தாலேயே சாகின்றன என்பது வருத்தத்துக்குரியது. முயல் 12 மணி நேரம் ஒன்றும் தின்னவில்லை என்றால் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லவும். கோடையில் விடியற்காலையில் காற்றோட்டமான கூடையில் எடுத்துச் செல்லவும், வெயில் முயலுக்கு ஆகாது. புதிதாக வாங்கிய முயலைத் தனிக் கூண்டில் மூன்று வாரம் வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

குட்டியோடு புல்லும் விற்கலாம்

நகரத்தாரிடம் புல் கொடுங்கள் என்று சொன்னால், எங்கே போவது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. சாலையோரப் புல்லில் நாய்க் கழிவும் பார்த்தீனியமும் கலந்திருக்கும். பூங்காவில் இயந்திரத்தால் வெட்டிக் குவித்த புல் சூடேறிப் புளித்துவிடும். ஆகவே உலர்புல்லை நாமே தயாரித்துக் கொடுக்கலாம். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் மாட்டுக்குச் சிறந்தது, ஆனால் தண்டு தடித்ததால் சீராக உலராது. கொழுக்கட்டைப் புல் மெல்லிய தண்டுடையது, வறட்சியைத் தாங்கும்.

ஏக்கருக்கு 2.5 முதல் 3 கிலோ விதை போதும். 5 சென்ட் நிலத்துக்கு 150 கிராம். விதை பஞ்சுபோல் இலேசானதால் ஈர மணலுடன் கலந்து, 50 செ.மீ. இடைவெளி வரிசைகளில் மேலாக விதைக்கவும். 70 முதல் 75 நாட்களில் முதல் அறுவடையும், அதன்பின் ஆண்டுக்கு 4 முதல் 6 அறுவடைகளும் கிடைக்கும். கதிர் தலைகாட்டியதும் அறுக்க வேண்டும். முற்றிய கதிரின் சுணை வாயிலும் மூக்கிலும் குத்தும். பனி உலர்ந்தபின் அறுத்து, ஒருநாள் வெயிலிலும் இரண்டு நாள் நிழலிலும் புரட்டி உலர்த்தவும். நன்கு உலர்ந்த புல் பச்சை நிறமும் மணமும் மாறாதிருக்கும், முறுக்கினால் ஈரம் தெரியாது. சுமார் 4 கிலோ பசும்புல்லுக்கு 1 கிலோ உலர்புல் எதிர்பார்க்கலாம். வைக்கோல் படுக்கைக்கு ஏற்றது, தீவனமாக அதையே நம்ப வேண்டாம்.

2 கிலோ எடையுள்ள வளர்ந்த முயலுக்கு நாளொன்றுக்குக் குச்சித் தீவனம் 40 முதல் 50 கிராமுக்கு மேல் வேண்டாம், உலர்புல் எப்போதும் கூண்டில் இருக்கட்டும். குட்டி விற்கும்போது இதை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அடையாற்று முயலுக்கு வெட்டுப்பற்களை எடுத்துவிட்டார்கள், கண்ணீர் நாளத்தையும் கழுவினார்கள். கேட்ட காசைத் திருப்பிக் கொடுத்த விவசாயி முயலைத் தன் வீட்டிலேயே வைத்து, நறுக்கிய புல் கொடுத்து வந்தார். அது உதட்டாலேயே புல்லைப் பற்றி உள்ளிழுத்துக் கடைவாயில் மெல்லப் பழகிக்கொண்டது. ஆறு வாரம் கழித்து அடையாற்று வீட்டார் வந்து அதை வாங்கிச் சென்றனர். இப்போது மாதந்தோறும் 3 கிலோ கொழுக்கட்டைப் புல் அந்த வீட்டுக்குப் போகிறது, அண்டை வீட்டு முயலுக்கும் சேர்த்து.