எண்ணூர் அமோனியா கசிவு: மூக்கில் ஏறிய வாயு மூளையையும் பாதிக்குமா?

2023 டிசம்பர் 26 நள்ளிரவு. கண் எரிச்சல், மூச்சுத்திணறலோடு எண்ணூர் பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் வீட்டை விட்டு ஓடினர். கப்பலிலிருந்து கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. 50-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அன்று பலர் மனதிலும் எழுந்த கேள்வி: இது மூளை வரைக்கும் போகுமா?

முதல் அடி எங்கே?

கண், மூக்கு, தொண்டையில்தான். அமோனியா தண்ணீரில் சட்டென்று கரையும். அங்குள்ள ஈரத்தில் கரைந்து, அரிக்கும் பொருளாக மாறுகிறது. மூக்கில் 'சுருக்'குனு குத்துவது, முகத்து வலி நரம்பு கொடுக்கும் எச்சரிக்கை. அளவு அதிகமானால் நுரையீரலும் பாதிக்கப்படும்.

அப்போ மூளை?

அமோனியா நமக்குப் புதுசு இல்லை. சாப்பிடும் புரதம் செரிக்கும்போது உடலே அதை உண்டாக்குகிறது. பெரும்பகுதியைக் கல்லீரல் யூரியாவாக மாற்றிவிடும். மூளையில் அந்த வசதி முழுமையாக இல்லை. அங்கே காவல் காப்பது 'குளூட்டமின் சிந்தெடேஸ்' என்ற நொதி. அமோனியாவை குளூட்டமேட்டுடன் சேர்த்து, ஆபத்தில்லாத குளூட்டமினாக மாற்றுவதுதான் அதன் வேலை. மூளை, சிறுநீரகத் திசுக்களில் இந்த மாற்றம் நடப்பதை 1935-இல் கண்டறிந்தவர் ஹான்ஸ் கிரெப்ஸ். பின்னாளில், 1953-இல், வேறொரு கண்டுபிடிப்புக்காக நோபல் பரிசு பெற்றவர்.

கல்லீரல் செயலிழந்தால் ரத்தத்தில் அமோனியா ஏறும். நொதிக்கு வேலை கூடி, குளூட்டமின் தேங்கி, மூளை செல்கள் வீங்கும். குழப்பம், மயக்கம் வரும். ஆனா கொஞ்ச நேரம், குறைந்த அளவில் சுவாசித்தால் ரத்தத்தில் பெரிதாக ஏறாது. அதனால் கசிவின்போது முதலில் காப்பாற்ற வேண்டியது கண்ணையும் மூச்சையும்தான்.

மூக்கை நம்பலாமா?

முழுசா நம்ப முடியாது. வாசனை பழகிவிடும், எவ்வளவு வாயு என்றும் மூக்கு சொல்லாது. ஆலை வாசலில் ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கருவி வைத்து அளந்தே சொன்னது. 24 மணி நேர சராசரி வரம்பு 400. கசிவைக் கண்டறியும் கருவிகளோடு புதிய குழாய் அமைக்க அரசின் தொழில்நுட்பக் குழு பரிந்துரைத்ததும் இதனால்தான். தூங்குபவரின் மூக்கு அலாரம் ஆகக் கூடாது.

கசிந்தால் என்ன செய்யணும்?

* காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிச் செல்லுங்கள்.
* ஈரத்துணியால் மூக்கு, வாயை மூடுங்கள்.
* கண் எரிந்தால் 15 நிமிடம் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள்.
* மூச்சுத்திணறினால் உடனே 108-ஐ அழையுங்கள்.