வரத்து உண்டு, வடிகால்?

உலகெங்கும் மிளகு அமோகமாக விளைந்தால் தாண்டிக்குடித் தோட்டக்காரருக்கும் விலை இறங்கும். ஆனாலும் சில்வர் ஓக் மரத்திலிருந்து பறித்த மிளகு கடைசியில் எங்கோ ஒரு ரசத்தில் கரைந்து தீரும். அடுத்த மகசூலுக்குச் சந்தையில் இடம் கிடைக்கும். பலர் கூடி ஆடும் ஆன்லைன் விளையாட்டில் எதுவும் இப்படித் தானாகத் தீராது. உருவாக்கியவர் நினைத்தாலன்றி வாள் துருப்பிடிக்காது.

காசின் கதை இன்னும் மோசம். அரக்கனைக் கொன்றால் கோல்ட் விழுகிறதே, அது யார் பையிலிருந்தும் வந்ததல்ல. அந்த நொடியில் பிறந்தது. ஆயிரக்கணக்கானோர் இரவு பகலாகக் கொன்று குவித்தால் காசு பெருகி, அரிய வாளின் விலை புதிதாக வந்தவருக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். 1997இல் வந்த அல்டிமா ஆன்லைன், பொருள்களின் மொத்த அளவையே வரையறுத்துப் பார்த்தது. ஆட்டக்காரர்கள் கிடைத்ததையெல்லாம் வீட்டில் பதுக்க, சுழற்சி நின்றுபோனது.

டயாப்லோ 3இல் கோல்டை நிஜ டாலருக்கு விற்க ஓர் ஏலக்கூடமே இருந்தது. 2013 மே மாதம் ஒரு அப்டேட்டில், விற்பனைக்கு வைக்கும் மூட்டையின் அளவை 10 லட்சத்திலிருந்து 1 கோடியாக உயர்த்தினார்கள். அந்த நிரலுக்கோ சுமார் 214 கோடிக்கு மேல் எண்ணத் தெரியாது. அதைத் தாண்டி விற்பனைக்கு வைத்தால் கணக்கில் குறைவாகவே கழிந்தது. ரத்து செய்தால் வைத்தது முழுதும் திரும்பி வந்தது. போட்டு எடுத்தாலே லாபம்! விலைவாசி என்ன பாடுபட்டிருக்கும்? ஏலக்கூடம் 2014 மார்ச் 18 அன்று நிரந்தரமாக மூடப்பட்டது. சண்டையில் கிடைக்க வேண்டியதைக் கடையில் வாங்கினால் ஆட்டத்தில் சுவை ஏது என்பதே முக்கியக் காரணம்.

ஐஸ்லாந்தின் ஈவ் ஆன்லைன் 2007இல் ஒரு பொருளாதார அறிஞரையே வேலைக்கு வைத்தது. அங்கே போரில் கப்பல் வெடித்தால் போனது போனதுதான். நல்ல வடிகால் என்று தோன்றும், பாதிதான் சரி. அழிவது கப்பலும் அதில் போட்ட கனிமமும்தான், காசோ கப்பலைக் கட்டி விற்றவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. போதாததற்குக் காப்பீட்டுத் தொகையாகப் புதுக் காசும் பிறக்கிறது.

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் விளையாட்டின் பெருஞ்சந்தையில் 2021 டிசம்பரில் விற்பவருக்கு 1 சதவீத வரி வந்தது. அந்த வரிக்காசில் ஒரு பகுதியைக் கொண்டு விளையாட்டு நிறுவனமே மலிந்து கிடக்கும் ஆயுதங்களை வாங்கி அழித்துவிடுகிறது. இருப்பதில் நேர்த்தியான ஏற்பாடு இதுதான் என்பேன். வரி என்றதும் விற்பவருக்கு எரிச்சல் வரும். அவர் பெட்டியிலுள்ள மற்ற வாள்களின் விலை சரியாமல் தாங்குவதும் அதே வரிதான்.