சவ்வைக் கிழிக்காமல் கடக்கும் சரக்கு

செல்லைச் சூழ்ந்துள்ள சவ்வு, ஈரடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன, ஏறத்தாழ 7 அல்லது 8 நானோமீட்டர் தடிமனே கொண்ட மெல்லேடு. ஆக்சிஜன் அதை எளிதில் ஊடுருவுகிறது. குளுக்கோஸும் உப்பு அயனிகளும் அதில் பதிந்துள்ள புரத வாயில்கள் வழியே நுழைகின்றன. ஆனால் அவ்வாயில்களுக்குள் அடங்காத பெரிய புரதங்களும் கொழுப்புத் துகள்களும் கடக்க வேண்டுமெனில், சவ்வே அவற்றை ஏற்றிச் செல்லும் நுண்பையாக மாறுகிறது. வெசிக்கிள் எனப்படும் இந்நுண்பைகள் பொருள்களை உள்ளே கொண்டுவருவது எண்டோசைட்டாஸிஸ், வெளியேற்றுவது எக்ஸோசைட்டாஸிஸ்.

உட்கொள்ளும் முறைக்குச் சிறந்த சான்று, இரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமந்து திரியும் எல்டிஎல் துகள். செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிப் புரதங்கள் இத்துகளைப் பற்றிக்கொண்டதும், அவ்விடத்தில் கிளாத்ரின் என்ற புரதம் உட்புறத்தில் கூடைபோல் பின்னிக்கொள்ள, சவ்வு குழிந்து, கழுத்து குறுகி, இறுதியில் தனி நுண்பையாகத் துண்டிக்கப்படுகிறது. துகள் செரிக்கப்பட்டுக் கொலஸ்டிரால் வெளிப்பட, ஏற்பிகள் மீண்டும் மேற்பரப்புக்குத் திரும்புகின்றன. இவ்வேற்பிகள் பிறவியிலேயே பழுதுபட்டவர்களுக்கு இரத்தத்தில் கொலஸ்டிரால் தேங்கி இளம் வயதிலேயே மாரடைப்பு நேரக்கூடும் என்பதை விளக்கிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர்.

வெளியேற்றத்தில் இதன் மறுதலை நிகழ்கிறது. நரம்பு முனையில், ஏறத்தாழ 40 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்பைகள் வேதித் தூதுப் பொருள்களை நிரப்பிக்கொண்டு காத்திருக்கின்றன. நரம்புத் தூண்டல் வந்து கால்சியம் அயனிகள் உட்புகுந்ததும், நுண்பையிலும் செல் சவ்விலும் உள்ள ஸ்நேர் புரதங்கள் ஒன்றையொன்று முறுக்கி இழுக்க, இரு சவ்வுகளும் ஒன்றாய்க் கலந்து தூதுப் பொருள் வெளியே கொட்டுகிறது. இப்போக்குவரத்தின் ஒழுங்கைக் கண்டறிந்த ரோத்மன், ஷெக்மன், சூடோஃப் ஆகிய மூவருக்கும் 2013இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த ஒழுங்கு குலைந்தால் விளைவது என்ன என்பதை ரணஜன்னி காட்டுகிறது. அந்நோயின் நச்சு நரம்பு செல்லுக்குள் நுழைவதும் நுண்பையின் வழியாகவே. நுழைந்தபின் அது தண்டுவடத்தை அடைந்து, தசைகளைத் தளர்த்தும் நரம்புகளில் உள்ள ஸ்நேர் புரதம் ஒன்றை வெட்டிவிடுகிறது. தளர்த்தும் தூதுப் பொருளை ஏந்திய நுண்பைகள் சவ்வுடன் இணைய இயலாமற்போக, தாடை பூட்டிக்கொள்கிறது, முதுகு வில்லாய் வளைகிறது. உட்புகுந்துவிட்ட நச்சை எந்த மருந்தாலும் மீட்டெடுக்க முடியாது. அது இரத்தத்தில் இருக்கும்போதே எதிர்ப்பொருள்கள் பற்றிப் பிடித்துச் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்பதாலேயே, நோய் வருமுன் தடுப்பூசி போட்டுக்கொள்வது இன்றியமையாததாகிறது.