மணலிலிருந்து பிள்ளைகளை விரட்டாதீர்கள்

தெருவில் யாரோ வீடு கட்ட ஒரு லோடு மணல் இறக்குகிறார்கள். லாரி திரும்புவதற்குள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அதன்மேல் ஏறிவிடுவார்கள். ஒருத்தி முழங்கை மறையும்வரை கையை விட்டுச் சுரங்கம் தோண்டுவாள். எதிர்ப்பக்கமிருந்து தோண்டிவரும் தம்பியின் விரல் தட்டுப்பட்டதும் இரண்டு பேரும் சேர்ந்து கத்துவார்கள். அப்புறம் மேஸ்திரி வந்து விரட்டுவார். அவர்மேல் தப்பில்லை. பக்கத்திலேயே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, ஆணி அடித்த பலகை, மூடாத தொட்டி எல்லாம் கிடக்கின்றன.

ஆனால் நாலு தெரு தள்ளி, ரப்பர் தரையும் பிளாஸ்டிக் சறுக்கும் போட்ட பூங்காவில் அதே பிள்ளைகள் சீக்கிரமே சலித்துப்போகிறார்கள். சறுக்கில் சறுக்கத்தான் முடியும். மணலை மலையாக்கலாம், கடையாக்கலாம், அணை கட்டி உடைக்கலாம்.

டென்மார்க்கின் நிலத்தோட்டக் கலைஞர் கார்ல் தியோடர் சோரன்சன் இதை 1931-லேயே எழுதிவைத்தார். ஒழுங்காகக் கட்டிய விளையாட்டுத் திடல்களை விட்டுவிட்டுக் குழந்தைகள் கட்டுமான இடங்களிலும் பழைய சாமான் கிடங்குகளிலும் விளையாடுவதை அவர் பார்த்திருந்தார். 1943-ல், ஜெர்மன் ஆக்கிரமிப்பின் நடுவே, கோபன்ஹேகனின் எம்ட்ருப் குடியிருப்பில் முதல் ‘பழைய சாமான் திடல்’ திறக்கப்பட்டது. போருக்குப் பிறகு லண்டனில் குண்டு விழுந்த காலிமனைகளுக்கு இந்த யோசனையை எடுத்துச் சென்றவர் எம்ட்ருப் திடலை நேரில் பார்த்துவந்த ஹர்ட்வுட் ஆலன் சீமாட்டி. டோக்கியோவின் செடகாயா பகுதியில் ஹனேகி பூங்காவுக்குள் 1979 முதல் இப்படியொரு திடல் நடக்கிறது. ‘உன் பொறுப்பில், உன் இஷ்டப்படி விளையாடு’ என்பது அங்குள்ள விதி.

இத்தகைய சாகசத் திடல்களில் கிடப்பவை பலகை, சுத்தியல், கயிறு, தார்ப்பாய், தண்ணீர், சேறு. இவற்றோடு கட்டாயம் இருப்பவர் ஒரு பெரியவர். பாடம் நடத்தவோ விசில் ஊதவோ அவருக்கு வேலையில்லை. பலகையில் துருத்தும் ஆணியைப் பிடுங்குவார், கூப்பிட்டால் வருவார். அந்த ஆளுக்குச் சம்பளம் ஒதுக்காமல் திறக்கும் சாகசத் திடல் வெறும் குப்பைமேடுதான்.

கீழே விழுந்து கையை உடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று எந்த அம்மாவும் கேட்பார். நியாயமான கேள்வி. ஆபத்தில் இரண்டு வகை உண்டு. மரமேறும் பையன் அடுத்த கிளையைக் காலால் அழுத்திப் பார்த்துத்தான் ஏறுகிறான். அந்த ஆபத்து அவன் கண்ணுக்குத் தெரிகிறது, அளந்து பழகுகிறான். கனடா குழந்தை மருத்துவர் சங்கம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை இத்தகைய துணிச்சல் விளையாட்டு உடலுக்கும் மனதுக்கும் நல்லது என்கிறது. ஊஞ்சல் கம்பம் மண்ணுக்கடியில் துருப்பிடித்து இற்றுப்போயிருப்பது எந்தக் குழந்தைக்கும் தெரியாது. நாம் பார்த்து அகற்ற வேண்டியது இந்த இரண்டாவது வகையை.

அடுத்த முறை பூங்காவுக்குப் போகும்போது ஒரு பள்ளி ஸ்கேலை எடுத்துச் செல்லுங்கள். உயரமான சாதனத்தின்கீழ் மணல் என்றால் 30 செ.மீ. ஸ்கேல் முழுவதும் இறங்க வேண்டும். பாதியில் சிமென்ட் தட்டினால் புகார் எழுதுங்கள். ஏணி, தடுப்புக் கம்பிகளின் இடைவெளியையும் அளந்து பாருங்கள். 9 செ.மீ.யிலிருந்து 23 செ.மீ. வரையிலான இடைவெளியில் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் என்பது ஐரோப்பியத் தரநிலையின் கணக்கு. சறுக்கில் புறங்கையை வைத்துப் பாருங்கள். நம்மூர் வெயிலில் தகரமும் ரப்பரும் தொடையைப் பொசுக்கிவிடும். அங்கே தேவை வேப்பமர நிழல், இன்னொரு வண்ணப்பூச்சு இல்லை. பழைய சாதனங்களில் உரிந்து உதிரும் பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற வரம்பே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. துப்பட்டா, பள்ளி அடையாள அட்டைக் கயிறு இரண்டையும் ஏறுவதற்கு முன் கழற்றிவிடுங்கள். திறந்து கிடக்கும் மின் பில்லர் பாக்ஸைக் கண்டால் நின்று யோசிக்காமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 எண்ணில் அழையுங்கள்.

விளையாடுவது குழந்தையின் உரிமை என்று ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு சொல்கிறது. இந்தியா 1992-ல் அதை ஏற்றது. நம் கைக்கு எட்டும் சட்டங்கள் இன்னும் பக்கத்தில் இருக்கின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. இல்லையென்றால் 32-வது பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் தரலாம். மூன்று மாதத்தில் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தியில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு.

திடலே இல்லாத பகுதி என்றால் முதலில் ஓ.எஸ்.ஆர். எனப்படும் திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலத்தைத் தேடுங்கள். தமிழ்நாட்டில் பெரிய மனைப்பிரிவு போடுபவர் சாலை போக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அதை நிலமாகவே உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். காகிதத்தில் பூங்கா, நேரில் கார் நிறுத்தம் என்ற கதை பல இடங்களில் உண்டு. 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கள் மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், தானப்பத்திர நகல், அந்த நிலத்தின் இன்றைய பயன்பாடு. 30 நாளில் பதில் வர வேண்டும். பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்க 1959-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்திருக்கிறது. பெங்களூருவில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அந்தப் பகுதிவாசிகளுக்கு வழக்குப் போடும் உரிமை உண்டு என்றும் அதே தீர்ப்பில் சொன்னது.

புது அடுக்குமாடி வாங்கியவர்களுக்கு ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. வரைபடத்தில் காட்டிய விளையாட்டு இடத்தை மாற்ற, வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும். ‘பந்து விளையாடக் கூடாது’ என்று பலகை மாட்டும் சங்கங்களை எதிர்கொள்ள வழக்கைவிடப் பொதுக்குழுதான் நல்ல வழி. அங்கே பெற்றோர் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை என்பதே உண்மை.

நிலம் கிடைத்துவிட்டால் மாநகராட்சிக்கு எழுதும் மனுவில் ‘விளையாட்டு உபகரணம் வேண்டும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். தூசி பறக்கும் எம்-சாண்ட் இல்லாமல் கழுவிய மணல் ஒரு லோடு, ராத்திரி நாய் பூனை அசுத்தம் செய்யாமல் மூட ஒரு தார்ப்பாய், ஒரு குழாய், கொசு பெருகாதபடி தண்ணீர் வடிய வழி, மாலையில் இரண்டு மணி நேரம் கூடவே இருக்க ஒரு ஆள் என்று வரிசையாகக் கேளுங்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். சென்னையில் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் பதிவு செய்தால் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.