மின்கலத்தின் கண்

பகலில் கூரைமேல் உள்ள சூரியத் தகடுகள் தரும் மின்சாரத்தைச் சேமித்து, இரவில் வழங்குவது வீட்டு மின்கல அமைப்பு. எப்போது சேமிப்பது, எவ்வளவு வழங்குவது என்பவற்றை மின்கலம் தானே அறியாது. வீட்டிற்குள் மின்சாரம் நுழையும் வாயிலில் நின்று அளந்து சொல்லும் ஆற்றல் அளவியே அதற்குக் கண்ணாக விளங்குகிறது. அக்கண் கண்டதைக் கொண்டு சேர்ப்பது வீட்டு வலையமைப்பு.

அளவி காண்பது

வெளிக்கம்பி வீட்டினுள் நுழையுமிடத்தில், அதனைச் சுற்றி வளையம் போன்றதொரு மின்னோட்ட மாற்றி பொருத்தப்படுகிறது. கம்பியில் ஓடும் மாறுதிசை மின்னோட்டத்தின் காந்தப்புலம், வளையத்தில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அதனையும் மின்னழுத்தத்தையும் கொண்டு, மின்சாரம் எவ்வளவு, எத்திசையில் செல்கிறது என்பதை அளவி கணக்கிடுகிறது. வளையத்தைத் திசைமாற்றி மாட்டினால் வரவு செலவாகவும் செலவு வரவாகவும் தோன்றும். நிரம்ப வேண்டிய வேளையில் மின்கலம் வடியும். ஆதலால், இப்பணி உரிமம் பெற்ற மின்பணியாளருக்கே உரியது.

செய்தி செல்லும் வழி

1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் மோடிகான் நிறுவனம், தொழிற்சாலைக் கருவிகள் தம்முள் செய்தி பரிமாறுவதற்கென மோட்பஸ் என்னும் நெறிமுறையை உருவாக்கியது. இன்றும் ஆற்றல் அளவிகள் பல அதனையே பின்பற்றுகின்றன. மின்கலத்தின் கட்டுப்பாட்டுக் கருவி வினவும். அளவி விடை தரும். தனிக்கம்பி வழியே நிகழ்ந்த இவ்வினாவிடை, இப்போது ரௌட்டர் எனப்படும் திசைவியின் வழியாகவும் நிகழ்கிறது.

வினா சென்று சேர முகவரி வேண்டும். 192.168.1.20 என்பது போன்ற எண் முகவரி ஒன்றைத் திசைவி ஒவ்வொரு கருவிக்கும் அளிக்கிறது. அது நிலையானதன்று. மின்தடைக்குப்பின் திசைவி மீண்டும் இயங்கும்போது, அளவிக்கு வேறு முகவரி வாய்க்கலாம். அப்போது கட்டுப்பாட்டுக் கருவி, குடிபெயர்ந்தவரின் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். அளவிக்கென ஒரு முகவரியைத் திசைவியில் ஒதுக்கிவைத்தால் இவ்விடர் நீங்கும். இரும்புப் பெட்டிக்குள் அமைந்த அளவிக்கு வைஃபை அலைகள் நலிந்தே சென்று சேரும்; அங்குக் கம்பி இணைப்பே நம்பத்தக்கது.

பழைய எண்ணின் தீங்கு

மாலையில் நீரேற்றும் மோட்டார் 1,500 வாட் எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். அத்தனையும் மின்கலமே வழங்குவதால், வெளியிலிருந்து வருவது சுழியம் என அளவி காட்டுகிறது. அந்நேரத்தில் இணைப்பு அறுகிறது. சற்றுப்பின் மோட்டாரும் நிறுத்தப்படுகிறது. கட்டுப்பாட்டுக் கருவி, இறுதியாகப் பெற்ற சுழியத்தையே மெய்யென நம்பினால், 1,500 வாட்டும் வெளியே பாயும். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை யூனிட் சேமிப்பு கரைந்துவிடும். எண் வராமையினும் பழைய எண்ணை நம்புதல் தீது. எனவே, நன்கு வடிவமைத்த கருவி, விடை வராத சில நொடிகளில் வழங்கலை நிறுத்திவிடும்.

காப்பு

மோட்பஸின் மூல வடிவம் கடவுச்சொல் கேட்பதில்லை. வினவுவோர் எவராயினும் அது விடை தரும், கட்டளைக்கும் பணியும். ஆதலால், இவ்வினாவிடை வீட்டு வலையமைப்பிற்குள்ளேயே நிகழ வேண்டும். இணையத்திற்கு அவ்வாயிலைத் திறந்துவிடலாகாது.

மின்கலம் வாங்குவோர் அதன் கொள்ளளவைத் தவறாது கேட்டறிகின்றனர். அளவி எவ்விடத்தில் அமையும், எவ்வழியாக இணையும், இணைப்பு அறுந்தால் அமைப்பு என்செய்யும் என்னும் மூன்றையும் அவர்கள் கேட்டறிதல் வேண்டும்.